பழைய தடுப்பணையை மாற்றுமுன் ஆற்றுப் படுகையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நாங்கள் வட செபராங் பிறையில், கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருக்கிறோம். அப்பா ஏழு ரெலோங் (ஏறத்தாழ இரண்டு ஹெக்டர்) நிலத்தில் நெல் போடுகிறார். எங்கள் பாசன வாய்க்காலான தாலி ஆயருக்குத் தண்ணீர் திருப்பிவிடும் தடுப்பணை தாத்தா காலத்தில் கட்டியது. ஐந்து மதகுகளில் இரண்டு இப்போது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. வெயில் காலத்தில் எல்லாவற்றையும் அடைத்து வைத்தாலும் அணைக்குக் கீழே தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. சென்ற மாதம் அதிகாரிகள் வந்து, 80 மீட்டர் மேலே தள்ளிப் புதிதாக ஒன்று கட்டப் போவதாக விளக்கினார்கள். "கான்கிரீட் இரும்பு மாதிரி இருக்கிறது, மதகை மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார் அப்பா. பக்கத்து வயல்காரர் பம்ப் வைத்தால் தீர்ந்தது என்கிறார். கரையோரம் எங்கள் நிலத்தில் ஒரு துண்டும் போகுமாம். ஒரு சீசன் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன செய்வது? அடுத்த கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எல்லா மதகையும் அடைத்த பிறகும் கீழே தண்ணீர் ஊறுகிறது என்று. என் கண் அந்த வரியில்தான் நின்றது. மதகு இடுக்கில் ஒழுகும் தண்ணீர் என்றால் கவலை குறைவு. அணையின் அடிப்பக்கமாகப் புகுந்து மறுபக்கம் வருகிற தண்ணீர் என்றால் அது வேறு நோய். அப்பா தட்டிப் பார்த்த கான்கிரீட்டில் அது தெரியாது.

ஆற்று மணல் மேல் கட்டிய எந்தத் தடுப்பணைக்கும் அடியில் கொஞ்சம் நீர் கசியத்தான் செய்யும். அது மணலை இழுத்துக்கொண்டு வராத வேகத்தில் கசிந்தால் அணை நூறு ஆண்டும் நிற்கும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துவது நீர் கடந்து வர வேண்டிய பாதையின் நீளம். இதற்குப் பொறியாளர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாகக் கையில் வைத்திருக்கும் பிளை விதி என்று ஒரு எளிய கணக்கு உண்டு. நுண்மணல் படுகை என்றால், அணைக்கு மேலே நிற்கும் நீருக்கும் கீழே நிற்கும் நீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 15 ஆல் பெருக்க வேண்டும். அத்தனை மீட்டர் நீளம் நீர் ஊர்ந்து வர வேண்டும். வித்தியாசம் 2 மீட்டர் என்றால் 30 மீட்டர். தாத்தா காலத்தில் கட்டியவர்கள் இப்படி ஏதோ ஒரு கணக்கைப் போட்டுத்தான் தளத்தையும் மணலுக்குள் இறங்கும் அடிச்சுவரையும் வைத்திருப்பார்கள்.

இனி, அணைக்குக் கீழே ஆற்றுப் படுகை 1 மீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மேலே நீர் அதே மட்டத்தில் நிற்கும். கீழே 1 மீட்டர் இறங்கிவிடும். வித்தியாசம் 3 மீட்டர், தேவையான பாதை 45 மீட்டர். தரையில் இருப்பதோ அன்று கட்டிய 30 மீட்டர்தான். கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனால் அணையின் பாதுகாப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1898-ல் கங்கை ஆற்றின் நரோரா அணை இப்படி அடிக்கசிவின் அழுத்தத்தில்தான் உடைந்தது. 1930களில் பொறியாளர் கோஸ்லாவும் அவருடன் இருந்தவர்களும் அளந்து காட்டியது இன்னொன்று: மொத்த நீளத்தைக் காட்டிலும், நீர் வெளியேறும் கடைசி இடத்தில் அதற்கு எவ்வளவு வேகம் இருக்கிறது என்பதுதான் அணையின் உயிரைத் தீர்மானிக்கிறது. அணையின் கீழ்முனையில் ஆழமான அடிச்சுவர் கட்டாயம் என்ற பழக்கம் அதிலிருந்து வந்தது. இப்போது அதற்கு ஷீட் பைல் எனப்படும் இரும்புத் தகடுகளை மண்ணுக்குள் அடித்து இறக்குகிறார்கள்.

படுகை ஏன் தாழ்கிறது? உங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூடா ஆற்றிலும் அதில் சேரும் ஆறுகளிலும் மணல் அள்ளுவது இன்று நேற்று வந்த கதை இல்லை. மணல் அள்ளுவதற்கென்றே ஜேபிஎஸ் (நீர்ப்பாசன, வடிகால் துறை) 2009-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட வேண்டி வந்தது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அணையே. மேலிருந்து வரும் மணலை அது தடுத்து நிறுத்திவிடுகிறது. மணல் இல்லாமல் வழிந்து விழும் நீர் கீழே இருக்கும் படுகையை அரித்து எடுத்துக்கொண்டு போகிறது. அப்புறம், கீழே நீர்மட்டம் குறையக் குறைய, வழிந்து விழும் நீர் தன் ஆத்திரத்தைக் கான்கிரீட் தளத்தின் மேல் தீர்க்காமல் தளத்தைத் தாண்டிப் போய் வெறும் மணலில் தீர்க்கிறது. அங்கே குழி விழுகிறது. குழி மெல்லத் தளத்தை நோக்கி ஏறி வருகிறது.

இது உங்கள் அணையில் நடந்திருக்கிறதா என்று நீங்களே ஓரளவுக்குப் பார்க்கலாம். மழை இல்லாத நாளில், மதகு பார்ப்பவரிடம் சொல்லிவிட்டு, அவர் உடன் இருக்கும்போது கரையில் நின்று பாருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். சின்ன அணைதானே என்று இறங்கி, அடியில் சுழலும் நீரில் சிக்கினால் நீச்சல் தெரிந்தவரும் வெளியே வர முடியாது. தளம் முடிகிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தெளிந்த நீரில் கவனியுங்கள். சின்னச் சின்ன ஊற்றுகள் தெரிகின்றனவா? ஊற்றைச் சுற்றி, உள்ளங்கை அகலத்தில், நடுவில் துளையோடு மணல் குவிந்திருக்கிறதா? துளையில் மணல் பொங்கிப் பொங்கி அடங்குகிறதா? அப்படி இருந்தால் அணைக்கு அடியிலிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. போட்டோவும் வீடியோவும் எடுத்து அன்றைக்கே மாவட்ட ஜேபிஎஸ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். ஊறும் நீர் மணல் இல்லாமல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அவசரம் குறைவு. கரையும் அணையும் சேரும் இரண்டு முனைகளையும் பாருங்கள். அங்கே மண் சரிந்து பள்ளம் விழுந்திருந்தால் அடுத்த பெருவெள்ளத்தில் ஆறு அணையைச் சுற்றிக்கொண்டு புது வழி எடுக்கும். அணை மட்டும் நடுவில் தனியாக நிற்கும்.

மதகை மட்டும் மாற்றுவது பற்றி அப்பா சொல்வதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஊற்றில் மணல் இல்லை, படுகை பெரிதாகத் தாழவில்லை, தளத்துக்கு அடியில் பொள்ளல் இல்லை என்று சோதனையில் தெரிந்தால் அவர் சொல்வதுதான் சரி. நல்ல தளத்தில் புது எஃகு மதகுகளைப் பொருத்துவது புது அணை கட்டும் செலவில் ஒரு சிறு பங்குதான். அந்தச் சோதனை நடந்ததா என்பதே கேள்வி. கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த மாதிரிகள், தளத்துக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்ற ஆய்வு, அணைக்கு மேலும் கீழும் ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகள், இந்த மூன்றும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் முடிவைக் காட்டச் சொல்லுங்கள். பழைய அளவுகளோடு ஒப்பிட்டால் படுகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்பது உங்கள் உரிமை. தயங்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை அப்பாவுக்கு நினைவூட்டுங்கள், அவர் செய்தியில் பார்த்திருப்பார். திருச்சி முக்கொம்பில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38-ல் கட்டிய மேலணையில், கொள்ளிடம் பக்கத்து ஷட்டர்களில் 9, 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தோடு போய்விட்டன. கொள்ளிடத்தில் அளவில்லாமல் மணல் அள்ளியதுதான் காரணம் என்று அந்த ஊர் விவசாயிகள் அன்றே சொன்னார்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகள் வெள்ளம் தாங்கிய கட்டுமானம் அது. அங்கே முதலில் மணல் மூட்டையும் பாறையும் போட்டு அடைத்தார்கள், பிறகு பல நூறு கோடி ரூபாயில் புதுக் கதவணை கட்டினார்கள். இத்தனை ஆண்டு நின்றதே, இனியும் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு ஆற்றில் இடமில்லை. ஆறு மாறிக்கொண்டே இருக்கிறது.

சரி, புது இடத்துக்கு வருவோம். 80 மீட்டர் மேலே என்றதும் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது இயல்பே. நானும் முதலில் வளைவைத்தான் கேட்பேன். ஆறு வளையும் இடத்தில் மேல்மட்ட நீர் வெளி வளைவை நோக்கிப் போகும், அடிமட்ட நீர் மணலைத் தள்ளிக்கொண்டு உள் வளைவுக்குப் போகும். அதனால் வாய்க்காலுக்குள் நீர் நுழையும் தலைமதகு வெளி வளைவில் இருந்தால் தெளிந்த நீர் வரும், உள் வளைவில் இருந்தால் ஒவ்வொரு சீசனும் வாய்க்காலில் மணல் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். புது இடம் எந்தப் பக்கம் என்று கூகுள் மேப்பிலேயே பார்த்துவிடலாம். தலைமதகை ஒட்டி, அதன் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக, மணல்போக்கி மதகு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத வரைபடத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மேலே தள்ளிக் கட்டுவதில் உங்களுக்குப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. பழைய அணை வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதியதைக் கட்ட முடியும். ஆற்றில் பாதி அகலத்தைத் தற்காலிக அணை போட்டு மறைத்து ஒரு பாதியைக் கட்டுவார்கள், மறுபாதி வழியாக ஆறு போகும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். அந்தக் காலம் முழுக்கப் பழைய அணை நீரை நிறுத்தித் தாலி ஆயருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். பழைய இடத்திலேயே இடித்துக் கட்டினால் இந்த வசதி கிடையாது. ஆகவே "ஒரு சீசன் போய்விடுமா" என்ற உங்கள் பயத்துக்கு, இடம் மாற்றுவதே பாதிப் பதில். மீதிப் பாதி, புது வாய்க்காலைப் பழைய வாய்க்காலோடு இணைக்கும் வாரங்கள். அந்த வாரங்கள் எந்தச் சீசனின் எந்தக் கட்டத்தில் வருகின்றன என்று எழுத்தில் கேளுங்கள். அறுவடைக்கு வயலை வடிக்கும் நாள்களிலிருந்து அடுத்த நீர்விடுப்பு வரை உள்ள இடைவெளிதான் இணைப்புக்கு ஏற்றது. ஒப்பந்தக்காரர் தாமதமானால் என்ன மாற்று ஏற்பாடு என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

பக்கத்து வயல்காரர் சொல்லும் பம்ப் இந்த இடைக்காலத்துக்குப் பொருந்தும். நிரந்தரத் தீர்வாகப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. அந்தத் தாலி ஆயர் 100 ஹெக்டருக்குப் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உழவுக்கு நிலத்தை ஊறவைக்க 150 மில்லிமீட்டர் நீர் என்றால் ஹெக்டருக்கு 1,500 கன மீட்டர், 100 ஹெக்டருக்கு 150,000 கன மீட்டர். இதை 14 நாளில் கொடுக்க வேண்டுமானால், இரவு பகல் நிற்காமல் விநாடிக்கு 124 லிட்டர் இறைக்க வேண்டும். வாய்க்காலில் கசிவது, வெயிலில் ஆவியாவது எல்லாம் இதற்கு மேல். ஆறு அங்குலப் பம்ப் ஒன்று விநாடிக்கு 40 லிட்டர் தரும் என்றால் நான்கு பம்ப் ஓட வேண்டும், ஐந்தாவது கைவசம் இருக்க வேண்டும். டீசலோ மின்சாரமோ, பணம் ஒவ்வொரு சீசனும் யார் கையிலிருந்து போகும்? தடுப்பணையில் நீர் தன் எடையில் தானாக வாய்க்காலுக்கு ஏறிப் போகிறது. அந்த இலவசத்தைக் கைவிடக் கூடாது. அதோடு பம்ப் வைத்தாலும் ஆற்றில் நீர்மட்டம் பம்பின் உறிஞ்சு குழாய்க்கு எட்ட வேண்டும். படுகை தாழ்ந்த ஆற்றில் அதற்கும் ஏதாவது ஒரு தடுப்பு வேண்டியிருக்கும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். புது அணை ஓடத் தொடங்கியதும் பழையதை என்ன செய்யப் போகிறார்கள்? முழுக்க இடித்து, அடித்தளத்தையும் தோண்டி எடுத்து, ஆற்றைச் சுத்தமாக விடுவோம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பழைய தளம்தான் இத்தனை ஆண்டாகக் கீழே தாழ்ந்த படுகை மேல்நோக்கி ஏறிவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால், கீழே விழுந்திருக்கும் 1 மீட்டர் பள்ளம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்ந்து, 80 மீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டிய அணையின் காலடிக்கு வந்து சேரும். புது அணை எந்தப் படுகை மட்டத்துக்குக் கணக்குப் போடப்பட்டதோ அந்த மட்டமே இல்லாமல் போகும். பழைய அணை இருந்த அதே நிலைக்குப் பத்து, இருபது ஆண்டில் புது அணையும் வரும்.

அதனால் மதகுகளையும் தூண்களையும் எடுத்துவிட்டு, தளத்தைத் தாழ்வாக அப்படியே விட்டுவிடுங்கள், அதற்குக் கீழே பாறை அடுக்கிப் பலப்படுத்துங்கள் என்று கேளுங்கள். நீர் அதன் மேல் சாதாரணமாக வழிந்து போகும், படுகை மட்டும் பிடிபட்டிருக்கும். மீன் மேலேறவும் அந்தப் பாறைச் சரிவு வசதி. அப்பா இரும்பு மாதிரி என்று சொன்ன அந்தக் கான்கிரீட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தளத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று வடிவமைப்பாளர் சொன்னால், புது அணையைக் கீழ்ப்படுகை இன்னும் 1 மீட்டரோ அதற்கும் மேலோ இறங்கும் என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறாரா என்று கேட்டுப் பதில் வாங்குங்கள்.

வெள்ளம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையை நாம் யாரும் மறக்கவில்லை, செபராங் பிறையும் அப்போது மூழ்கியது. புது அணை வெள்ளத்தில் எல்லா மதகையும் தூக்கிவிட்டால் ஆற்றை மறிக்கக் கூடாது. "நூறு ஆண்டு வெள்ளத்துக்கு" என்று விளக்கக் கூட்டத்தில் சொன்னார்கள் என்றால், நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 50 ஆண்டு நிற்கும் அணை அப்படி ஒரு வெள்ளத்தை ஒரு முறையாவது பார்க்க ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. அந்த வெள்ளத்தில் அணைக்கு மேலே இருக்கும் கம்போங் வீடுகளில் நீர்மட்டம் இப்போதைவிட எத்தனை சென்டிமீட்டர் கூடும் என்ற ஒற்றை எண்ணைக் கேளுங்கள்.

மதகுகளில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்து மதகே அடித்துப் போனது. அதை அடைக்க ஒரு வாரம் ஆயிற்று, அதற்குள் அணையிலிருந்து நிறைய நீர் வீணாகப் போனது. உங்கள் அணை அதன் முன் மிகச் சிறியது. பாடம் ஒன்றுதான்: ஒவ்வொரு மதகுக்கும் முன்னால் அடைப்புப் பலகை இறக்கும் காடி வேண்டும், பலகைகள் அணைக்குப் பக்கத்திலேயே கொட்டகையில் இருக்க வேண்டும், மின்சாரம் போனால் கையால் சுற்றித் தூக்கும் வசதி வேண்டும். உங்கள் இரண்டு மதகுகள் அசையாமல் போனதற்கும் பெரும்பாலும் காரணம் தூக்கு திருகுக்குக் கிரீஸ் போடாததும் காடியில் மணல் இறுகியதும்தான். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

நிலம் பற்றி. அரசு எடுக்கும் நிலத்துக்கு 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி விசாரணை நடத்தி இழப்பீடு தீர்மானிப்பார்கள். விசாரணைக்கு அப்பா கட்டாயம் நேரில் போகட்டும், மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையும் கையில் இருந்தால் நல்லது. தொகை போதாது என்றால் பணத்தை ஆட்சேபத்தோடு வாங்கிக்கொண்டு, 'N' படிவம் (Form N) வழியாக உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். விசாரணையில் நேரில் இருந்தவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 6 வாரம்தான் கெடு. அந்தக் கெடு தவறினால் மீட்பது கடினம். இதில் வழக்கறிஞரைப் பாருங்கள், என் வார்த்தையோடு நிற்காதீர்கள். நில எடுப்பு இல்லாமல், கட்டுமான காலத்துக்கு மட்டும் லாரி போக வழி கேட்டால் அது தனி விஷயம். லாரி ஓடி இறுகிய மண்ணை ஆழமாகக் கிளறித் திருப்பிக் கொடுக்க வேண்டும், உடைந்த வரப்பையும் பாரிட் எனும் வடிகாலையும் சரிசெய்து தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். அதே தாலி ஆயரில் பாயும் மற்றவர்களையும், விவசாயிகள் சங்கத்து ஆள்களையும் சேர்த்துக்கொண்டு, மலாயில் கேள்விகளை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மேடையில் கேட்கும் கேள்விக்கு மேடையிலேயே மழுப்பலாகப் பதில் வரும். எழுத்தில் போன கேள்விக்கு யாராவது ஒரு பொறியாளர் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். கடைக்கோடி வயல்காரர்களை முன்னால் உட்கார வையுங்கள். புது அணையின் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் குறைந்தாலும் முதலில் காய்வது அவர்கள் வயல்தான். புது அணையில் நிறுத்தும் நீரின் மட்டம், பழைய வாய்க்கால் நிறைய ஓடத் தேவையான மட்டத்துக்குச் சமமாகவாவது இருக்கிறதா என்று அவர்களே கேட்கட்டும்.

வரைபடங்கள் கையில் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். நிறையத் தாள்கள் கொடுப்பார்கள், எல்லாம் வேண்டாம். ஆற்றின் நீள்வெட்டுத் தோற்றம் உள்ள தாளும், அணையின் குறுக்கே அடிச்சுவர்களின் ஆழம் காட்டும் தாளும் போதும். அணைக்குக் கீழே இப்போதைய படுகை மட்டம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா, எந்த ஆண்டில் அளந்தது என்று முதலில் நீங்களே பாருங்கள்.